பொட்டாஃபோகோவில் ஒரு வழக்கறிஞரின் இல்லம்: ருயி பார்போசா அருங்காட்சியகம் குறித்து

பிரேசில் குடியரசின் முதல் நிதியமைச்சரான வழக்கறிஞர் ருயி பார்போசா, தம் வாழ்வின் கடைசி இருபத்தெட்டு ஆண்டுகளைக் கழித்த வீடு, ரியோ டி ஜெனீரோவின் பொட்டாஃபோகோ பகுதியில் சாவ் கிளெமெந்தே தெருவில் 134ஆம் எண்ணில் இருக்கிறது. அவர் இறந்த மறு ஆண்டே, அதாவது 1924இல், வீட்டையும் நூலகத்தையும் ஆவணங்களையும் அரசு விலைக்கு வாங்கியது. 1930இல் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. ஒருவர் வாழ்ந்த வீட்டையே அருங்காட்சியகமாக மாற்றும் வழக்கம் பிரேசிலில் இதிலிருந்துதான் தொடங்கியது என்பதால், அருங்காட்சியகங்களின் வரலாற்றிலும் இதற்கு ஓர் இடம் உண்டு. ஆனாலும் நான் இதைப் பரிந்துரைப்பதற்குக் காரணம் அந்தச் சிறப்பு அல்ல. சட்டம் படித்த ஒருவர் அரசியலுக்குள் நுழைந்து அமைச்சராகி, பதவியை விட்டு விலகிய பிறகும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரு நாட்டின் பொதுவாழ்வில் தம் வாதத்தின் வலிமை ஒன்றைக்கொண்டே நிலைத்து நின்றது எப்படி என்பதை, அறை அறையாக நடந்து விளங்கிக்கொள்ள முடிகிற இடங்கள் உலகில் மிகக் குறைவு. இந்த வீடு அவற்றில் ஒன்று.

வீடு பார்போசா கட்டியதன்று. 1850ஆம் ஆண்டளவில், லகோவா பிரபு என்ற பட்டம் பெற்ற ஒரு செல்வர் புதுச்செவ்வியல் பாணியில் கட்டிய மாளிகை அது. பார்போசா 1893இல் அதை வாங்கினார். ஆனால் அதே ஆண்டில் கடற்படைக் கிளர்ச்சி வெடித்து அவர் நாட்டை விட்டே வெளியேற நேர்ந்ததால், 1895இல் திரும்பி வந்த பிறகுதான் குடியேற முடிந்தது. மனைவியின் பெயரால் அதற்கு 'விலா மரியா அகுஸ்தா' என்று பெயர் வைத்தார். வீட்டைச் சுற்றிலும் ஏறக்குறைய 9,000 சதுர மீட்டர் பரப்பில் தோட்டம் விரிந்திருக்கிறது. அடுக்குமாடிக் கட்டடங்கள் நெருக்கமாக எழுந்துவிட்ட பொட்டாஃபோகோவில், குழந்தைகளை அழைத்துக்கொண்டு வரும் பெற்றோருக்கும் காலாற நடக்க வரும் முதியவர்களுக்கும் இந்தத் தோட்டமே பெரிய நிழல். அருங்காட்சியகத்தில் ஆர்வம் இல்லாதவர்கள்கூடத் தோட்டத்துக்காக மட்டும் வருகிறார்கள் என்பது அந்த இல்லத்துக்குக் குறையாகாது.

உள்ளே நுழைந்ததும் கவனத்தை ஈர்ப்பது அறைகளுக்கு இடப்பட்டிருக்கும் பெயர்கள். வரவேற்பறை, உணவறை, படுக்கையறை என்ற வழக்கமான பெயர்களைக் காட்டிலும், பார்போசாவின் வாழ்வில் இடம்பெற்ற நிகழ்வுகளின் பெயர்களே இங்கே முன்னிற்கின்றன. அரசமைப்பு அறை, ஹேக் அறை, டிரைஃபஸ் அறை, ஆட்கொணர்வு மனு அறை, உரிமையியல் சட்டத் தொகுப்பு அறை, அவர் பிறந்த மாநிலமான பாயீயாவின் பெயரைத் தாங்கிய அறை என்று செல்கிறது அந்த வரிசை. இந்த ஏற்பாடு முதலில் சற்றுக் குழப்பத்தைத் தரலாம். நாற்காலிக்கும் நிலைக்கண்ணாடிக்கும் பெயரிலுள்ள வழக்குக்கும் என்ன தொடர்பு என்று தேடத் தோன்றும். அவருடைய வாழ்க்கை வரலாற்றை ஓரளவு படித்துவிட்டுச் செல்பவருக்கோ இந்தப் பெயர்களே வழிகாட்டியாக அமைந்துவிடுகின்றன. ஆகவே, போவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பார்போசா 1849 நவம்பர் 5ஆம் நாள் சால்வடோர் நகரில் பிறந்தவர். அந்த நாளைப் பிரேசில் இன்றும் தேசியப் பண்பாட்டு நாளாகக் கொண்டாடுகிறது. ரெசீஃபேயிலும் பின்னர் சாவ் பாவ்லோவிலும் சட்டம் பயின்று 1870இல் பட்டம் பெற்றார். 1878இல் பாயீயா மாகாண அவைக்கும் அதையடுத்து, அப்போது பேரரசாக இருந்த பிரேசிலின் நாடாளுமன்றத்துக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். அறுபது வயதைக் கடந்த அடிமைகளை இழப்பீடு எதுவும் இல்லாமல் விடுவிக்கக் கோரி 1884இல் வந்த தந்தாஸ் மசோதாவுக்கு ஆதரவான அறிக்கையை எழுதியவர் அவரே. மசோதா தோற்றது, அதன் பிறகு நடந்த தேர்தலில் அவரும் தோற்றார். 1889இல் பேரரசின் கடைசி அமைச்சரவையில் இடம் தேடி வந்தபோது, மாகாணங்களுக்குக் கூட்டாட்சி உரிமை வழங்குவது அந்த அரசின் திட்டத்தில் இல்லை என்பதைச் சொல்லி மறுத்துவிட்டார். ஐந்தே மாதங்களில் அந்தப் பேரரசே இல்லாமற்போயிற்று.

குடியரசு அறிவிக்கப்பட்ட அந்த நவம்பரில் மார்ஷல் தெயோதோரோ தா ஃபொன்செகாவின் தலைமையில் அமைந்த இடைக்கால அரசில் பார்போசா நிதியமைச்சரானார். நிதித்துறையைத் தாண்டியும் அவருடைய கை நீண்டது. திருச்சபையையும் அரசையும் பிரித்த 1890 ஜனவரி 7ஆம் நாள் ஆணை அவருடைய எழுத்து. ஐவர் குழு ஒன்று ஆக்கித் தந்த அரசமைப்பு வரைவை எடுத்து, வரிவரியாகத் திருத்தி, அமெரிக்கக் கூட்டாட்சியின் சாயலில் அதற்கு உருக்கொடுத்ததும் அவரே. அது 1891 பிப்ரவரி 24ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. சட்டமன்றம் இயற்றிய சட்டமானாலும் அரசமைப்புக்கு முரணானால் அதைச் செல்லாது என்று அறிவிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு என்ற கொள்கை பிரேசிலில் வேரூன்றியதில் அவருடைய பங்கு மிகப் பெரியது. இந்த வீட்டின் முதன்மை நூலக அறைக்கு அரசமைப்பு என்று பெயர் வைத்திருப்பது அந்த வகையில் முற்றிலும் பொருத்தமானது.

அந்த அறைதான் இந்த இல்லத்தின் இதயம். பார்போசாவின் நூலகத்தில் சுமார் 37,000 தொகுதிகள் இருந்தன. அவற்றைப் பிரிக்காமலும் வேறிடத்துக்குக் கொண்டுபோகாமலும், அவர் வாழ்ந்த வீட்டிலேயே காத்து வந்திருக்கிறார்கள். சட்டம், அரசியல், மொழியியல், சமயம், இலக்கியம் என்று துறைகளும் பல. போர்த்துகீசியம், பிரெஞ்சு, ஆங்கிலம், இத்தாலியம், ஸ்பானியம், லத்தீன் என்று மொழிகளும் பல. கண்ணாடிக் கதவுகளுக்குப் பின்னால் சுவரை மறைத்து நிற்கும் அந்த அலமாரிகளின் முன்னால் நிற்கும்போது, நான்கு வரி வாதத்துக்கு நாற்பது மேற்கோள் காட்டுபவர் என்ற பெயர் அவருக்கு எப்படி வந்தது என்பது உடனே புலப்படுகிறது. வழக்கறிஞர் தொழிலில் இருப்பவர்கள் இங்கே நெடுநேரம் நிற்பார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. மேசை, நாற்காலி, கோப்புகள், எட்டும் உயரத்தில் சட்ட நூல்கள் என்ற அந்த ஒழுங்கில், கட்சிக்காரருக்காகக் காத்திருக்கும் அலுவலகத்தின் சாயல் இன்னும் இருக்கிறது.

அறைப் பெயர்களை மட்டும் பிடித்துக்கொண்டு நடந்தால் விளங்காத ஒரு பகுதி அவருடைய வாழ்வில் உண்டு. அது அவர் நிதியமைச்சராக இருந்த பதினான்கு மாதங்கள். 1888இல் அடிமைமுறை ஒழிந்ததும், அதுவரை கூலியே பெறாமல் உழைத்தவர்களுக்குப் பணமாகக் கூலி கொடுக்க வேண்டிய நிலை வந்தது. நாட்டில் புழங்கிய பணம் அதற்குப் போதவில்லை. பேரரசின் கடைசி அரசே கடன் வசதியைத் தளர்த்தத் தொடங்கியிருந்தது. பார்போசா 1890 ஜனவரி 17ஆம் நாள் ஆணையின் மூலம், அரசுக் கடன் பத்திரங்களை ஈடாக வைத்துப் பணத்தாள் வெளியிடும் உரிமையை வட்டார வங்கிகளுக்கு வழங்கினார். காப்பித் தோட்டங்களை மட்டுமே நம்பியிருந்த நாட்டில் தொழில்கள் பெருக வேண்டும் என்பது அவருடைய நோக்கம். நடந்ததோ வேறு. தொழிற்சாலை எழுவதற்கு முன்பே நிறுவனங்களின் பங்குகள் விற்றுத் தீர்ந்தன, வெறும் காகிதத்தில் மட்டும் இருந்த நிறுவனங்களும் பணம் திரட்டின, விலைவாசி ஏறியது, 1891இல் அந்தக் குமிழி உடைந்தது. பிரேசிலின் அன்றைய நாணயமான மில்-ரெய்சு ஒன்றுக்கு 1889இல் 27 பிரிட்டிஷ் பென்ஸ் என்றிருந்த மாற்று மதிப்பு, சில ஆண்டுகளுக்குள் பாதிக்கும் கீழே சரிந்தது. 'என்சில்யமெந்தோ' என்று பிரேசிலியர்கள் இன்றும் நினைவுகூரும் இந்த நெருக்கடிக்கு அவர் ஒருவரே பொறுப்பு என்று கூறுவது நியாயமாகாது. ஆயினும் அதன் பழியில் பெரும்பங்கு அவருடைய பெயரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

இதைவிடக் கடினமான கேள்வி இன்னொன்று இருக்கிறது; அதை மனத்தில் வைத்துக்கொண்டே இந்த வீட்டைப் பார்க்க வேண்டும் என்று நான் கருதுகிறேன். நிதித்துறையிடம் இருந்த அடிமை உடைமைப் பதிவேடுகளை அழிக்க 1890 டிசம்பர் 14ஆம் நாள் ஆணையிட்டவர் பார்போசா. தங்கள் 'சொத்து' பறிபோய்விட்டதாகக் கூறி முன்னாள் உடைமையாளர்கள் அப்போது அரசிடம் இழப்பீடு கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த ஆணைக்கு முந்தைய மாதத்தில் அப்படி வந்த ஒரு விண்ணப்பத்தை நிராகரித்த பார்போசா, கருவூலத்துக்குச் சுமை ஏற்றாமல் முன்னாள் அடிமைகளுக்கு இழப்பீடு கொடுக்க ஏதேனும் வழி கண்டுபிடிக்க முடிந்தால் அதுவே கூடுதல் நியாயமாக இருக்கும் என்று எழுதினார். ஓர் அமைச்சர் கோப்பில் எழுதிய குறிப்பு இவ்வளவு நேர்மையும் கூர்மையும் கொண்டிருப்பதைப் படிக்கும்போது மனம் நிமிர்கிறது. ஆயினும் இழப்பீட்டுக் கோரிக்கைகளின் வேரை வெட்ட உதவிய அதே ஆணை, பல்லாயிரக்கணக்கான குடும்பங்கள் தங்கள் முன்னோரின் தடத்தைத் தேடிச் செல்லக்கூடிய சான்றுகளையும் அழித்தது. பதிவேடுகள் அனைத்தும் அழிந்துவிடவில்லை. மாகாணங்களிலும் திருச்சபைகளிலும் எஞ்சியவற்றைக் கொண்டு ஆய்வாளர்கள் பின்னாளில் நிறையவே எழுதியிருக்கிறார்கள். இருந்தாலும், எதிர்த்தரப்பின் சான்றை இல்லாமற் செய்வது வழக்கில் வெல்ல உதவலாம், வரலாற்றை எழுத அது உதவாது என்பதே என் கருத்து. அந்தக் கோப்புக் குறிப்பை எழுதிய கையே இந்த ஆணையிலும் ஒப்பமிட்டது என்பதை மறைக்காமல் சொல்லுவதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை.

1891 ஜனவரியில் அமைச்சரவை முழுவதும் விலகியது. பார்போசா அதன் பிறகு அமைச்சர் பதவி எதிலும் அமரவில்லை. வியப்புக்குரியது என்னவென்றால், இன்று பிரேசில் அவரை எதற்காக நினைக்கிறதோ அதில் பெரும்பகுதி இதற்குப் பின்னர்தான் நிகழ்ந்தது. ஆட்கொணர்வு மனு அறையின் பெயர் அதற்கு முதல் சான்று. 1892 ஏப்ரலில் மார்ஷல் ஃபுளோரியானோ பெய்ஷோத்தோவின் அரசு நெருக்கடி நிலையை அறிவித்து, எதிர்ப்பாளர்களைச் சிறையில் அடைத்தது. சிலரை அமேசான் காட்டின் எல்லைக்கே நாடுகடத்தியது. அடிமைமுறை ஒழிப்புப் போராளியும் பத்திரிகையாளருமான ஜொசே தோ பத்ரொசினியோவும் அவர்களில் ஒருவர். யாரும் அமர்த்தாமலேயே பார்போசா அவர்கள் அனைவருக்காகவும் உச்ச நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்தார். நெருக்கடி நிலை முடிந்த பிறகும் தண்டனை தொடரலாமா, நிர்வாகத்தின் அரசியல் முடிவு என்று கூறிவிட்டால் நீதிமன்றம் கண்ணை மூடிக்கொள்ள வேண்டுமா என்பனவே அவர் எழுப்பிய வினாக்கள். பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் மனு தள்ளுபடியானது. ஆதரித்து எழுதிய ஒரே நீதிபதி பிசா எ அல்மெய்தா. ஆனால் அந்தத் தோல்வியில் எழுதப்பட்ட வாதங்களைப் பின்வந்த நீதிபதிகள் திரும்பத் திரும்பப் படித்தார்கள். தனிமனித உரிமைகளைக் காக்கும் கருவியாக ஆட்கொணர்வு மனுவைப் பிரேசில் நீதிமன்றங்கள் விரித்துப் பொருள்கொண்டதற்கு அவை அடித்தளமாயின.

மறு ஆண்டு, முன்பு சொன்ன கடற்படைக் கிளர்ச்சியின்போது, அவரே தப்பியோட வேண்டியதாயிற்று. புவெனஸ் அயர்ஸ், லிஸ்பன் வழியாக லண்டனை அடைந்தார். அங்கிருந்து ரியோவின் நாளிதழ் ஒன்றுக்கு எழுதிய கடிதங்களில், 1895 ஜனவரியில், தேசத்துரோகக் குற்றம் சுமத்தப்பட்ட பிரெஞ்சுப் படை அதிகாரி டிரைஃபஸ் மீதான தீர்ப்பின் குறைகளைச் சுட்டிக்காட்டினார். மூடிய கதவுக்குள் விசாரணை, குற்றஞ்சாட்டப்பட்டவருக்குக் காட்டாத சான்றுகள், வெளியே கூச்சலிடும் கூட்டம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் நீதி கிடைக்காது என்பதை ஒரு வழக்கறிஞரின் கண்ணோடு அவர் எழுதியபோது, ஐரோப்பாவில்கூட இதைக் கூறியவர்கள் மிகச் சிலர். டிரைஃபஸுக்காகப் பிரெஞ்சு எழுத்தாளர் எமில் ஸோலா எழுதிய புகழ்பெற்ற பகிரங்கக் கடிதத்துக்கு இன்னும் மூன்று ஆண்டுகள் இருந்தன. தமக்குத் தொடர்பே இல்லாத ஒரு வழக்கின் பெயரை ஒருவருடைய வீட்டின் அறை தாங்கி நிற்பது, நான் அறிந்தவரை வேறெங்கும் இல்லை.

ஹேக் அறையைப் பற்றிச் சொல்லாமல் மேலே செல்ல முடியாது. 1907இல் நெதர்லாந்தின் ஹேக் நகரில் 44 நாடுகள் கூடிய இரண்டாம் அமைதி மாநாட்டுக்கு வெளியுறவு அமைச்சர் ரியோ பிரான்கோ பிரபு அவரைப் பிரேசிலின் தூதராக அனுப்பினார். உருவில் சிறியவர், ஐரோப்பிய அவைகளுக்குப் புதியவர், நீண்ட பேச்சுக்காரர் என்பதால் தொடக்கத்தில் மற்றவர்களுக்குச் சலிப்பையும் ஊட்டினார். ஒருமுறை அவர் பேசி முடித்ததும், கூட்டத்துக்குத் தலைமை தாங்கிய ரஷ்ய சட்ட அறிஞர் மார்ட்டென்ஸ், அரசியல் இந்த மாநாட்டின் எல்லைக்குள் வராது என்று கண்டித்தார். பார்போசா அங்கேயே எழுந்து, முன்தயாரிப்பு எதுவும் இல்லாமல், பிரெஞ்சு மொழியில், பன்னாட்டுச் சட்டத்திலிருந்து அரசியலைப் பிரித்தெடுக்கவே முடியாது என்பதை விளக்கினார். அதன் பிறகு அவை அவரைக் கவனிக்கத் தொடங்கியது. அங்கு முன்வைக்கப்பட்ட நடுவர் நீதிமன்றத் திட்டத்தில் வல்லரசுகளுக்கு நிரந்தர நீதிபதிகள், மற்ற நாடுகளுக்கு முறைவைத்து வரும் நீதிபதிகள் என்று தரம் பிரித்திருந்தார்கள். இறையாண்மை கொண்ட நாடுகள் சட்டத்தின் முன் சமம் என்ற ஒரே கொள்கையில் நின்று அவர் எதிர்த்தார். லத்தீன் அமெரிக்காவின் சிறிய நாடுகள் அவரைச் சூழ்ந்து நின்றன. அந்த நீதிமன்றம் அப்போது அமையவில்லை. 'ஹேக்கின் கழுகு' என்ற பட்டத்தோடு அவர் நாடு திரும்பினார். குடியேற்ற ஆட்சிகளிலிருந்து பின்னர் விடுதலை பெற்ற நாடுகள் ஒவ்வொன்றும் ஐக்கிய நாடுகள் அவையில் ஒரு வாக்கோடு அமர்வதைப் பார்க்கும் நமக்கு, 1907இன் அந்த வாதம் இன்னும் நெருக்கமாகவே ஒலிக்கிறது.

குடியரசுத் தலைவர் பதவி மட்டும் அவருக்குக் கிட்டவேயில்லை. 1910இல் மார்ஷல் எர்மெஸ் தா ஃபொன்செகாவுக்கு எதிராக, ஆட்சி சீருடையின் கையில் போகக் கூடாது என்று நகரம் நகரமாகச் சென்று பேசினார். பிரேசிலில் மக்களை நேரில் சந்தித்து நடத்தப்பட்ட முதல் பெரிய தேர்தல் பரப்புரை அது. தோற்றார். 1919இல் மீண்டும் நின்று எப்பிதாசியோ பெஸ்ஸோவாவிடம் தோற்றார். பெஸ்ஸோவாவும் வழக்கறிஞர், நீதித்துறை அமைச்சராகவும் உச்ச நீதிமன்ற நீதிபதியாகவும் இருந்தவர். பாரிஸ் அமைதி மாநாட்டில் இருந்தபோதே, நாட்டில் பரப்புரை செய்யாமலேயே அவர் வென்றார். 1921இல் புதிதாக அமைந்த நிரந்தரப் பன்னாட்டு நீதிமன்றத்துக்கு உலக நாடுகள் பார்போசாவை நீதிபதியாகத் தேர்ந்தெடுத்தன. ஒரு நாள்கூட அங்கே அமராமல் 1923 மார்ச் 1ஆம் நாள் பெத்ரோபொலிஸ் நகரில் காலமானார். காலியான அந்த இடத்துக்குத் தேர்வு பெற்றவரும் பெஸ்ஸோவாவே.

இவற்றையெல்லாம் தெரிந்துகொண்டு வீட்டைச் சுற்றும்போது ஒன்று தெளிவாகிறது. அரசமைப்பு நீங்கலாக, அதிகாரம் கையில் இருந்த காலத்தில் அவர் செய்தவற்றில் பல இன்றும் சர்ச்சைக்குரியவை. அதிகாரம் இல்லாமல், மனுவையும் கட்டுரையையும் மேடைப் பேச்சையும் மட்டும் வைத்துக்கொண்டு செய்தவற்றின் பெயர்களே பெரும்பாலும் அறைகளில் நிலைத்திருக்கின்றன. அவற்றிலும் உடனடி வெற்றியாக முடிந்தவை மிகச் சில. இந்தப் பெயர்களைத் தேர்ந்தெடுத்தவர்கள் தோல்விகளை ஒளிக்காமல் நெற்றியிலேயே எழுதி வைத்திருப்பதை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

குடும்ப அறைகளில் பிரெஞ்சு, ஆங்கிலப் பாணி மரச்சாமான்கள் அக்காலத்து வசதி படைத்தோர் வாழ்வைக் காட்டுகின்றன; அவற்றில் நான் அதிக நேரம் செலவிடவில்லை. வண்டிக் கொட்டகையில் குதிரை வண்டிகளோடு அவருடைய பழைய பென்ஸ் காரும் இருக்கிறது. சிறுவர்களுக்கு வீடு முழுவதிலும் இதுவே பிடித்த இடமாக இருக்கும். தோட்டத்தில் ரோஜாச் செடிகளைத் தாமே கவனித்துக்கொள்வது பார்போசாவின் வழக்கமாம். வளாகத்திலேயே குழந்தைகளுக்கான நூலகமும் உண்டு. இலக்கிய ஆர்வம் உள்ளவர்களுக்கு இன்னொரு செய்தி: கவிஞர் கார்லோஸ் துருமோன் தெ அந்திராதெயின் தூண்டுதலால் 1972இல் தொடங்கப்பட்ட பிரேசிலிய இலக்கிய ஆவணக் காப்பகம், இந்த அருங்காட்சியகத்தை நடத்தும் நிறுவனத்தின் ஒரு பகுதி. துருமோன், கிளாரிசி லிஸ்பெக்தோர் முதலானோரின் கையெழுத்துப் படிகளும் கடிதங்களும் அங்கே பாதுகாக்கப்படுகின்றன. ஆய்வாளர்கள் முன்கூட்டியே எழுதிக் கேட்டுக்கொண்டு செல்வது நல்லது.

பொட்டாஃபோகோ மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். பழைய கட்டடம் என்பதால் பராமரிப்புப் பணிகளுக்காக மூடியிருக்கும் வாய்ப்பு எப்போதும் உண்டு. புறப்படுவதற்கு முன் திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். அவசரமாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வெளியேறுவோருக்கு இது இன்னொரு பழைய மாளிகையாகவே தோன்றும். ஆகவே அரை நாளையாவது ஒதுக்க வேண்டும். சட்ட மாணவர்கள், வழக்கறிஞர்கள், அரசியல் வரலாற்றில் நாட்டம் உள்ளவர்கள் தவறவிடக் கூடாத இடம் இது. கடற்கரை விடுமுறைக்கு மட்டும் ரியோ செல்பவர்கள் தோட்டத்தோடு நிறுத்திக்கொண்டாலும் தவறில்லை.

நேரில் செல்ல இயலாதவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. பார்போசாவின் முழுப் படைப்புகளையும் இந்நிறுவனம் 1940களிலிருந்து ஆண்டு வரிசைப்படி தொகுதி தொகுதியாகப் பதிப்பித்து வருகிறது. அவற்றை இணையத்தில் கட்டணமின்றிப் படிக்கலாம். போர்த்துகீசியம் ஓரளவு அறிந்தவர்கள், சாவ் பாவ்லோ சட்டக் கல்லூரியின் பட்டமளிப்புக்காக அவர் எழுதிய உரையிலிருந்து தொடங்கலாம். நோயுற்றிருந்ததால் 1921இல் அதை வேறொருவர்தாம் வாசித்தார். சமமற்றவர்களை அவர்களுடைய சமமின்மையின் அளவுக்கேற்ப வேறாக நடத்துவதே உண்மையான சமத்துவம் என்றும், காலந்தாழ்ந்து வரும் நீதி வெளிப்படையான அநீதியே என்றும் இளம் வழக்கறிஞர்களுக்கு அவர் கூறிய பகுதிகள் அதில் இருக்கின்றன. அதை முடித்துவிட்டு 1892ஆம் ஆண்டின் ஆட்கொணர்வு மனுவுக்குச் செல்லுங்கள். சட்டம் படித்தவர்களுக்கு இரண்டில் அதுவே அதிகம் பயன்படும்.